மேலாக மொள்ளும் தண்ணீர்

எங்கள் சமையலறை ஆணியில் ஒரு சிரட்டை அகப்பை தொங்குகிறது. அதைத் தூக்கி எறியச் சொல்லி மருமகள் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். அப்போதெல்லாம் எனக்குக் காது கேட்காது.

அதைக் கொடுத்தவள் பாம்பனுக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவில் இருந்த மீன்காரர் மனைவி. ஐம்பதுகளில் எனக்கு, பெரியம்மை வராமல் தடுக்க அம்மை குத்தும் உத்தியோகம். உத்தரகோசமங்கைப் பக்கத்துச் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளையான எனக்குக் கடலும் தீவும் புதிது. நான் போய் இறங்கியதும் பத்துப் பன்னிரண்டு குடிசைகளும் கதவைச் சாத்திக்கொண்டன. அம்மை குத்தினால் பிள்ளைக்கு ஆகாது என்று பயம். எதிர்க்கரையிலோ அம்மை பரவிக்கொண்டிருந்தது. குத்தாமல் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் மட்டும், "வாங்கண்ணே, வெயில்ல நிக்காதீக" என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

நல்ல பெயர் வாங்க நினைத்து ஒரு காரியம் செய்தேன். அந்தக் குடிசைகளுக்குக் குடிதண்ணீர், மணலில் முழங்கால் ஆழத்துக்கு இருந்த ஓர் ஊற்று. அகப்பையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடம் நிறைப்பார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் குறைந்தால் தோண்டுவோம். அவள் சோறு வடிக்கப் போன நேரத்தில் மண்வெட்டியை எடுத்து இடுப்பளவு தோண்டிவிட்டேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. பெருமையோடு ஒரு கை அள்ளிக் குடித்தேன். ஒரே உப்பு!

ஓடிவந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக! இங்கன மேல இருக்கதுதான் எங்க தண்ணி. கீழ இருக்கது கடலோடது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோண்டியதை மூடிவிட்டு, தீவின் மறுகோடி ஊற்றிலிருந்து அத்தனை குடிசைக்கும் நானே தண்ணீர் சுமந்தேன். நான் தள்ளாடி நடப்பதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சாயங்காலம் அவள் எல்லோருக்கும் முன்னால், முதல் ஆளாகக் குத்திக்கொள்ளத் தன் கையை நீட்டினாள். "நம்ம தண்ணிக்கு இம்புட்டு அலைஞ்ச மனுசன் நம்ம பிள்ளைகளுக்குக் கெடுதலா செய்வாரு?" அன்று ஒரு பிள்ளைகூட விடுபடவில்லை.

புறப்படும்போது இந்த அகப்பையைக் கொடுத்தாள். "அடுத்த தடவ இதுல மொள்ளுங்க. மம்பட்டியத் தொட்டீக, தொலைஞ்சீக!" மறு வருஷம் போனபோது பிள்ளைகள் தோளில் இருந்த தழும்பைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

போன வாரம் எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. "இன்னும் நூறடி இறக்கிருவோம்யா" என்றான் மகன். நான் ஆணியிலிருந்து அகப்பையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.