பரளச்சியில் மட்டும் சாத்தாத கதவு

பருத்திக் கம்பெனியின் அருப்புக்கோட்டை அலுவலகத்தில் தகவல்தளத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை. மாசி மாதம் அதில் இரண்டு சிறு நிரல்களை எழுதி வைத்தேன். கிளைகளில் இருப்பவர்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்ததும் முதல் நிரல் தானாக ஓடி, பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். அவர்கள் வெளியேறும்போது இரண்டாவது ஓடும்.

அதன்பின் என் காலைகள் மாறிவிட்டன. 8.52 மல்லாங்கிணறு. 8.58 வீரசோழன். 9.01 பரளச்சி. வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து அமரும்போது தூரத்தில் கதவுகள் திறப்பது போலிருக்கும். வெயிலில் வெளுத்த சாலை, பஸ்ஸிலிருந்து இறங்கும் பரளச்சிக் கிளை அம்மாள், அவர் கையில் குடோன் சாவி, எல்லாம் தெரியும். மாலையில் அதே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். பரளச்சி மட்டும் சாத்திக்கொள்ளாது. பஞ்சுப் பொதிகளின் நடுவே அவர் இன்னும் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன்.

அச்செடுத்த தாளில் பரளச்சிக்குப் பதினெட்டு நாள் வருகை இருந்தது. வெளியேற்றம் ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளை முதலாளி பார்த்துவிட்டார்.

"அந்தம்மா மூணு மணி பஸ்ஸுக்கே கெளம்பிருவாக போல. கம்ப்யூட்டரு பாட்டுக்குத் தொறந்து கெடக்கு. திங்கக்கெழம வேற ஆளப் போட்ருவோம்."

"ஒருக்கா நேர்ல பாத்துட்டு வந்துர்றேன் மொதலாளி."

"பாருங்க. உங்க மிஷினு பொய்யா சொல்லும்?"

மானாவாரி நிலத்தை விட்டால் அந்தம்மாள் வீட்டுக்கு இந்தச் சம்பளம்தான்.

நான் பரளச்சி போனபோது மணி 4.20. அவர் வேலையில் இருந்தார். 5.30க்கு எழுந்தார், பொதிகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார், வாசலருகே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். விசிறி தளர்ந்து நின்றது. திரை கறுத்தது.

"கம்ப்யூட்டர மூடாம மெயின எறக்குறீகளே?"

"நல்லா இருக்கே! நீங்கதானண்ணே எழுதி ஒட்டிருக்கீக!"

சுவரில் என் கையெழுத்து. கடைசியாகப் போகிறவர் மெயினை இறக்கிவிட்டுச் செல்லவும். அடியில் இரண்டு கோடு. நான்கு வருடத்துக்கு முன் பக்கத்துக் குடோனில் தீப்பிடித்த வாரம் எழுதியது.

"பஞ்சுல ஒரு பொறி விழுந்தா என்னத்துக்காகும்? ஒரு நா தவறுனதில்லண்ணே. இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் பஸ்ஸு ஏறி வந்தீக?"

சொல்லிக்கொண்டு போகிறவருக்குத்தான் என் இரண்டாவது நிரல் ஓடும். மின்சாரம் அறுந்து தொடர்பு போனால் ஓடாது. எனக்கு அது தெரியும். டைரியில்கூட எழுதி வைத்திருந்தேன். இவர்மேல் பழி வந்தபோது அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டேன். "அந்தம்மா அஞ்சரை வரைக்கும் இருக்காக. தப்பு எம்மேலதான்."

முதலாளி சொன்னார்: "அப்ப அவுக இருக்கட்டும். ஆள மாத்துனா உங்களத்தான் மாத்தணும்."

பழைய வரிக்கு மேலே புதிதாக ஒன்று எழுதினேன்: முதலில் கணினியிலிருந்து வெளியேறவும்.

"இதுக்குக் கோடு கெடையாதா?" என்றார் அந்தம்மாள். போட்டேன்.

மறுநாள் அருப்புக்கோட்டையில் திரைமுன் காத்திருந்தேன். 5.31 பரளச்சி, வெளியேறினார். அடுத்த நிமிடம் அங்கே மெயின் இறங்கியிருக்கும். அதைக் குறிக்க நிரல் இல்லை. டைரியில் எழுதிக்கொண்டேன்.