அத்தைக்குக் காய்ச்சல் வந்த நாள்

பொய்க் காய்ச்சல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது. கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாத வருஷங்கள் அவை. முழுப்பரீட்சை லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன்.

அத்தை பேரூராட்சி மெம்பர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தவள். ஆனால் கூட்டத்துக்குப் போவது மாமா. அத்தை பெயரில் கையெழுத்துப் போடுவதும் அவரே. ஊருக்கு மேலே இருந்த சதுப்பில் மண் கொட்டிக் காட்டேஜ் கட்ட, வெளியூர் முதலாளி ஒருவர் அப்போது அனுமதி கேட்டிருந்தார். ஒரு மூலையில் குளம் வெட்டிப் படகும் விடுவார்களாம். ஊரில் பாதிப் பேருக்கு வேலை ஆசை, எனக்குப் படகு ஆசை. மாமாவுக்கும் சம்மதம்தான்.

"சதுப்ப மூடீட்டா குடிக்கத் தண்ணிக்கு எங்கீங்க போறது?" என்று அத்தை கேட்டதை மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

அந்த அனுமதியை முடிவு செய்யும் கூட்டத்துக்கு முந்தைய மூன்று நாளும் அத்தை அடுப்படி ஜன்னலில் படிந்த ஆவியில், விரலால் தன் பெயரை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்று நினைத்து நானும் பக்கத்தில் படகு வரைந்தேன்.

கூட்டத்தன்று காலையில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். "காய்ச்சலா இருக்குதுங்க. இன்னைக்கு இலை மூட்டைய நீங்களே கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துருங்க."

அந்த நாட்களில் இலை லாரி எப்போது வரும், எத்தனை மூட்டை எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையை விட்டு நகர்ந்தால் பறித்த இலை வீண். மத்தியானக் கூட்டத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் மாமா போனார், பாவம். அவர் தலை மறைந்ததும் அத்தை எழுந்து பட்டுப்புடவை கட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பேரூராட்சி ஆபீஸில் தலைவர், "அண்ணன் வரலீங்களா?" என்றார்.

"மெம்பர் வந்திருக்கறனுங்க," என்று அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. புத்தகத்தில் அத்தை தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினாள். வெளியே காத்திருந்த பெண்கள் போட்ட குலவையில் தெருவே அதிர்ந்தது. எனக்கோ படகு போன ஆத்திரம். வீடு வரைக்கும் அவள் கையைப் பிடிக்காமலே வந்தேன்.

சேதி மாமாவுக்கு இலை வரிசையிலேயே எட்டிவிட்டது. வாசலில் நின்று, "காய்ச்சல் உட்டுருச்சா?" என்றார்.

"கை தூக்குனதும் உட்டுருச்சுங்க."

மாமா முறைக்கப் பார்த்தார், சிரிப்புதான் வந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் அத்தையே போனாள்.

அடுத்த கோடை லீவுக்கு நான் போனபோது சுற்றுவட்டாரமே குடத்தோடு அலைந்தது. அத்தை வீட்டுத் தெருக்குழாயில் மட்டும் தண்ணீர் வருவது நிற்கவில்லை. அதை வாளியில் பிடித்துக் காகிதப் படகு விட்டேன். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டிருந்தால், குழாயிலிருந்து என்றுதான் சொல்லியிருப்பேன்.