ஆரத்தி சிவக்க வேண்டும்

தம்பியின் கல்யாணம் முடிந்து, அம்மா அவனையும் புதுப்பெண்ணையும் பொங்கோலில் உள்ள தன் வீட்டுக்குக் காரில் அழைத்து வந்துகொண்டிருந்தாள். ஆரத்தி எடுக்க வேண்டியவள் அக்காவான நான் என்பதால், நானும் என் வீட்டுக்காரரும் முன்னாலேயே வந்துவிட்டோம். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்த பிறகுதான் தெரிந்தது, சுண்ணாம்பு டப்பா கல்யாணம் நடந்த தேக்கா மண்டபத்திலேயே தங்கிவிட்டது.

சுண்ணாம்பு சேராமல் மஞ்சள் தண்ணீர் சிவக்காது. சிவக்காத ஆரத்தி அம்மா கண்ணில் பட்டால் தீர்ந்தது. பெண் சீனப் பெண். தம்பி ஒற்றைக் காலில் நின்றதால்தான் அம்மா தலையசைத்தாள். தாலி கட்டும்போதுகூட எங்கே சகுனம் தப்பும் என்று மண்டபம் முழுக்கக் கண்ணாலேயே துழாவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நானே ஒரு சாக்கு எடுத்துக் கொடுப்பதா? குங்குமத்தைக் கரைத்து ஒப்பேற்றுவது அவளிடம் செல்லாது.

என் வீட்டுக்காரர் கெமிஸ்ட்ரி டியூஷன் ஆசிரியர். நான் கையைப் பிசைவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"டென்ஷன் ஆகாத லா. மஞ்சள் ஒரு இண்டிகேட்டர். பேஸ், அதான் காரம், போட்டா சிவக்கும். சுண்ணாம்பும் ஒரு பேஸ், அவ்வளவுதான். கிச்சன்ல வேற பேஸ் இல்லாமலா போயிடும்?"

சாஸ் கிண்ணங்களை அடுக்கி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். முதலில் எலுமிச்சைச் சாறு. மஞ்சள் இன்னும் பளிச்சென்று மஞ்சளானது.

"இது ஆசிட். சிவக்காது."

"சிவக்காதுன்னு தெரிஞ்சே எதுக்குங்க ஊத்துறீங்க?"

"கம்பேர் பண்ணணும்ல?"

வினிகரையும் ஊற்றினார். அதுவும் ஆசிடாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த பாட்டிலாலேயே ஒன்று போட்டிருப்பேன். அடுத்து பேக்கிங் சோடா. லேசாக ஆரஞ்சு காட்டிவிட்டு நின்றுவிட்டது. "வீக் பேஸ்" என்று அதன் சார்பில் அவரே வருத்தம் தெரிவித்தார். பற்பசையைக் கரைத்ததில் தண்ணீர் வெளுத்ததுதான் மிச்சம். அதற்குள் கைபேசி அலறியது.

"கீழ வந்துட்டோம், லிஃப்டுக்கு நிக்கிறோம். ஆரத்தி ரெடியா?" என்றாள் அம்மா.

"எப்பவோ ரெடிம்மா" என்று சொல்லிவிட்டு, துணி துவைக்கும் பவுடரில் ஒரு கரண்டி அள்ளித் தட்டில் கொட்டிக் கலக்கினேன். சிவந்தது. அப்படி ஒரு சிவப்பு! கூடவே நுரையும் பொங்கியது, மல்லிகை வாசத்தோடு. வழித்து எறிய எறிய வந்தது.

வாசலில் மூன்று சுற்று சுற்றி, பெண்ணின் நெற்றியில் அந்தத் தண்ணீரால் பொட்டு வைத்தேன். அவள் அழகாகச் சிரித்தாள். உடனே பலமாகத் தும்மினாள். நிலைவாசலில் தும்மல்! அம்மாவுக்கு இனி வேறென்ன வேண்டும்? போதாததற்கு நெற்றிப் பொட்டு குமிழியாக உப்பிக்கொண்டு நின்றது.

அம்மா தட்டருகே குனிந்து மோந்தாள். தன் வீட்டு சோப்புத் தூள் வாசம் அவளுக்குத் தெரியாதா?

விருட்டென்று தன் முந்தானையை இழுத்தாள். கல்யாணப் பட்டு என்றும் பாராமல் அந்த நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"அறிவிருக்காடி உனக்கு? நம்ம வீட்டுப் பொண்ணு முகத்துல சோப்பப் பூசுறியே, அவளுக்கு எரியாது?"

என்னைத் திட்டிக்கொண்டே பெண்ணின் கையைப் பிடித்து முகம் கழுவ உள்ளே இழுத்துப் போனாள். வலது காலை எடுத்து வைக்கச் சொல்ல மறந்தே போனாள்.