பல்லில் கடித்த கம்பி

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரமே எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில், சரியாகப் பிடிக்காத பாகங்களைக் கையால் மறுபடி பற்றவைப்பது என் வேலை. ஒரு கையில் சால்டரிங் அயர்ன், மறு கையில் இடுக்கி. உருக்கி ஒட்டும் கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? பழக்கதோஷத்தில் பல்லில் கடித்துக்கொண்டேன். மேற்பார்வையாளர் மோனிகா "நைன், நைன்!" என்று ஓடிவந்தார். கூடாதாம். நான் சிரித்துக்கொண்டே கம்பிச் சுருளின் பச்சை லேபிளைக் காட்டி, "ப்ளைஃப்ரை" என்றேன். ஈயம் இல்லாதது என்று பொருள். சேர்ந்த அன்று கற்ற சொல். ஈயம் கலந்த கம்பி ஒரு துண்டுகூட அந்தக் கட்டடத்துக்குள் வரக்கூடாது.

அவர் சிரிக்கவில்லை. "உங்கள் ஊரில் எந்தக் கம்பி?" என்று கேட்டார். என் அனுபவத்தை விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஈயக் கம்பிதான். பன்னிரண்டு வருஷம், இப்படியேதான்" என்று பெருமையாகப் பல்லைத் தொட்டுக் காட்டினேன். மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. மெல்லக் குறைந்துவிடும் என்றார் டாக்டர். எனக்கு என் ரத்தத்தைப் பற்றிக் கவலை வரவில்லை. ஊரில் என் மனைவி சுமதிக்கு ஐந்தாம் மாதம்.

மன்னார்குடியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. வயல் மோட்டார்களின் ஸ்டார்ட்டர் போர்டுகளைப் பழுது பார்ப்போம். கல்யாணமான புதிதில் விளையாட்டாகச் சுமதியிடம் அயர்னைக் கொடுத்தேன். ஆறே மாதத்தில் என்னை மிஞ்சிவிட்டாள். நான் கிளம்பி வந்தபின் கடை அவளுடையது. கம்பியைக் கடிக்கச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

போனில் சொன்னேன். "ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிச்சுதானே வளந்தோம், ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். சொம்பு வெள்ளீயம், இது காரீயம், விஷம், வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும் என்று விளக்கினேன். "அப்ப வேற கம்பி அனுப்புங்க" என்றாள். விடுப்பில் ஊருக்குப் போன நண்பரிடம் ஈயமில்லாத கம்பி இரண்டு சுருள் கொடுத்தனுப்பினேன். பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதி எனக்கு.

பத்தே நாளில் பழைய கம்பிக்குத் திரும்பிவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பிள்ளையை விடக் கடை பெருசா?" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க. இது உருக நிறைய சூடு வேணும். நம்ம அயர்ன்ல சரியா உருகல. ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சுக் குடுத்த போர்டு மூணாம் நாள் வயல்ல புட்டுக்கிச்சு. நடவு நேரம், மோட்டார் நின்னுபோச்சு, அந்த மனுஷன் வாசல்ல வந்து நிக்கிறாரு. அவருக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. இங்கே சூட்டைத் தானே அளந்து கூட்டும் அயர்னை வைத்துக்கொண்டு உபதேசம் செய்வது சுலபம். வெட்கமாக இருந்தது. அப்படி ஒன்றைத் திருச்சியில் ஆர்டர் செய்தோம். வர ஒரு மாதமாகும் என்றார்கள். கடையை மூடச் சொன்னால் கேட்க மாட்டாள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கடைக்குள் எதுவும் சாப்பிடாமலிருப்பது, கம்பியை வாயில் வைக்காமலிருப்பது, அதுவரை இவ்வளவுதான் என்னால் கேட்க முடிந்தது. தஞ்சாவூரில் அவளும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று என் மதிய இடைவேளையில் வீடியோவில் வந்தாள். மரக்கட்டையில் துணி கிளிப்பை ஆணியடித்து, அதில் கம்பியைச் செருகியிருந்தாள். "பாத்தீங்களா, என் மூணாவது கை" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள். கம்பி கிளிப்பிலேயே இருந்தது. ஆனால் போர்டின் மேல் குனிந்ததும் அவள் உதடு விலகி, முன்பற்கள் இறுகின. வெறும் வாய்தான், அவளுக்கே தெரியவில்லை. சொல்லலாமென்று வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, என் பற்களும் எதையோ கடித்துக்கொண்டிருந்தன.