இறங்கித் தள்ளுங்க, மிசி

அறுபதுகளின் நடுப்பகுதி. மார்கழி மாதம், மாரி வெள்ளம் வயலையும் வீதியையும் ஒன்றாக்கிவிட்டிருந்த ஒரு காலை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரை என்று நாங்கள் சொல்லும் பகுதியில் நடந்தது.

அப்போது நான் அரசாங்க மருத்துவிச்சி. தாதிமாரைப் போல எங்களையும் அங்கே ‘மிசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு ஆரையம்பதியில், வேலை வாவிக்கு அப்பால். தினமும் மண்முனைத் துறையில் ‘பாதை’ ஏறுவேன். பாதை என்றால் வீதி அல்ல. தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவை. ஆட்கள், மாடுகள், வண்டில்கள் எல்லாம் அதில்தான் கரை மாறும். அந்த வருடம் தை மாதம் எனக்கு வேலைக்கென்று ஒரு சைக்கிள் கிடைத்தது. வெள்ளைச் சேலையோடு ஒரு பெண் சைக்கிள் ஓடுவதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பிள்ளைப்பேறு பார்க்கும்போது மட்டும் கை நடுங்காது. மற்ற எல்லாவற்றுக்கும் நடுங்கும். பயத்தை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, மாதத்துக்கு ஓர் இலக்கு வைத்து அதைக் கலண்டரில் எழுதுவதுதான். தை மாதம் விழாமல் ஓட வேண்டும். சித்திரையில் பஸ் எதிரே வந்தால் இறங்கி ஒதுங்கக் கூடாது. ஆடியில் கச்சான் காற்றை எதிர்த்து ஓட வேண்டும். கடைசி இலக்கு பெரியது. வருடம் முடிவதற்குள், துறையிலிருந்து என் பகுதியின் கடைசி வீடுவரை ஒருதரமும் கால் ஊன்றாமல் போக வேண்டும். அதில் தேறினால், அடுத்த வருடம் வடக்கே வெகுதூரம் தள்ளிக் கதிரவெளியில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சைக்கிளிலேயே போவது என்று மனதுக்குள் ஒரு பேராசை வேறு.

இந்த இலக்குக்கு ஒரு வில்லன் இருந்தார். வழியில் ஒரு வட்டை, அதாவது பெரிய வயல்வெளி. அதன் ஓரத்தில் எருமை மேய்க்கும் நடுவயதுக்காரர். என் சைக்கிள் தலைகாட்டினால் போதும், அவர் குரல் கிளம்பிவிடும்.

“மிசி, இறங்கித் தள்ளுங்க.”

தினமும் இதே வார்த்தை. வயலில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது சிவந்துபோகும். ஆனாலும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் சொல்லி நான் இறங்குவதா என்ற வீம்பில் இன்னும் வேகமாக மிதிப்பேன். உண்மையைச் சொன்னால், நான் சைக்கிள் பழகியதில் பாதி அந்த மனிதர்மேல் இருந்த கோபத்தால்தான்.

அன்று பாதை கரை சேரும்போதே ஒருவர் முழங்கால்வரை சேற்றோடு காத்து நின்றார். கடைசி வீட்டுக்காரர். அவருடைய மனைவிக்கு அது மூன்றாவது பேறு. இரண்டாவதில் இரத்தம் நிற்காமல் போய் மயிரிழையில் தப்பியவள். இந்தமுறை முன்கூட்டியே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடு என்று ஐப்பசியிலிருந்தே சொல்லி வந்தேன். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று அவள் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். அதற்குள் வெள்ளம் முந்திக்கொண்டது.

“மிசி, கெதியாப் போங்க. நோ துடங்கிட்டு. நான் ஆசுபத்திரிக்கு ஏத்த வண்டில் பாத்துக்கிட்டு வாறன்.”

“றோட்டு எப்படி இரிக்கு?”

“நான் வரக்குள்ள நல்லாத்தான் இரிந்திச்சி.”

பையைக் கரியரில் இறுக்கிக் கட்டினேன். கத்தரிக்கோல், நூல், ஊசி, எல்லாவற்றுக்கும் மேலாக இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து இரண்டு குப்பி, எல்லாம் அதற்குள் றப்பர் சீலையில் சுற்றிக் கிடந்தன. மிதிக்க மிதிக்க அவள் முகம் கண்முன் வந்து வந்து போனது. ஆனால் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பதற்றத்துக்கு நடுவிலும், இன்று கால் ஊன்றாமல் போய்விடுவேன் என்ற நினைப்பும் என்னோடு சேர்ந்துதான் வந்தது.

வட்டையை அடைந்தபோது வீதிக்கு மேலே சாண் உயரம் தண்ணீர். வெள்ளக் காலத்தில் அந்தப் பக்கத்தார் வீதியின் இரு ஓரமும் கம்பு நட்டுவைப்பார்கள், போகிறவர்களுக்கு வழி தெரிவதற்காக. கம்புகளுக்கு நடுவே மெதுவாக ஓடினேன். சற்றுத் தூரத்தில் ஒரு கம்பின் தலையில் பச்சை இலைக் குழை கட்டியிருந்தது. தூரத்தில் வரும்போதே தெரியட்டும் என்று கட்டியிருக்கிறார்கள், நல்ல மனிதர்கள் என்று நினைத்து அதையே குறிவைத்து மிதித்தேன்.

“மிசி, இறங்கித் தள்ளுங்க.”

வரம்பில் அதே மனிதர். அன்று யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அங்கே யாருமே இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். சாகக் கிடக்கிறவளைப் பார்க்கப் போகும்போதும் பகிடியா என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் இன்னும் இரண்டு தரம் கத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

முன்சில்லு கீழே போனது. பிறகு நானும் போனேன்.

குழை கட்டியிருந்தால் அங்கே வீதி அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதுதான் அந்தப் பகுதி வழக்கம். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் பிறந்த எனக்கு அது தெரியாது. அந்த இடத்தில் இருந்த மதகை, கடைசி வீட்டுக்காரர் கடந்து வந்த பிறகுதான் வெள்ளம் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. வாவிக் கரையில் வளர்ந்தும் எனக்கு நீச்சல் வராது. சேலை காலைச் சுற்றிக்கொண்டது. வாய்க்குள் சேறும் தண்ணீரும் போனது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். அப்போது என் தலைமயிரை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

அந்த எருமைக்காரர் என்னை அறுந்த இடத்துக்கு அப்பால், மறுபக்க வீதியில் கொண்டுபோய்ப் போட்டார். எனக்கு மூச்சு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“கொண்டையப் புடிச்சித்தான் இழுத்தன் மிசி. வேற புடி கிடைக்கல்ல. மனசில வெச்சிக்காதங்க.”

“என்ர பை” என்றேன்.

“ஆள் தப்பினது காணாதா?”

எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் திரும்பவும் அந்தக் குழிக்குள் இறங்கினார். முதல்முறை வெறும் கையோடு மேலே வந்தார். இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை மேலே வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. என் வீம்புக்காக இவருடையதும் அவளுடையதுமாக இரண்டு உயிர் போகப் போகிறது என்று கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை தெரிந்தது. பல்லுக்கிடையில் பையின் வார்.

பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னே ஓட, நான் விழுந்தெழும்பிப் பின்னால் ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளை பிறந்து, அயல்வீட்டுப் பெண் ஒருத்தியின் மடியில் அழுதுகொண்டிருந்தது. தாய் அழவில்லை. முகம் வெளுத்து, கண் சொருகிக் கிடந்தாள். பாயெல்லாம் இரத்தம். பையைத் திறந்தேன். ஒரு குப்பி உடைந்திருந்தது. மற்றது முழுசாக இருந்தது.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் ஊசியைப் போட்டு, அது சுத்தமாகும்வரை ஒரு கையால் அவள் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தேன். மருந்தை ஏற்றிய பிறகு என்னால் செய்யக்கூடியது அழுத்துவதும் காத்திருப்பதும்தான். இரத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவள் தண்ணீர் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வீதி அறுந்துபோனதால் வண்டில் வர வழியில்லை. பின்னேரம் அந்த மனிதரே ஒரு தோணியைக் கொண்டுவந்து, வயல்வெளிக்குள்ளாகவே தாயையும் பிள்ளையையும் துறைக்குச் சேர்த்தார். இருவரும் பிழைத்தார்கள். இன்னும் கால்மணி நேரம் பிந்தியிருந்தால் அவளுக்கு எந்த மருந்தும் உதவியிருக்காது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள்.

தோணியில் வரும்போது அவரிடம் கேட்டேன்.

“ஒரு வருசமா நீங்க சொன்னதெல்லாம் பகிடிதானே?”

அவர் தாங்குகோலை ஊன்றிக்கொண்டே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“பாதி நாள் பகிடிதான் மிசி. மத்தப் பாதி மெய்தான். அந்த வளைவில மணல் இளகிக் கிடந்த நாளும் இரிந்திச்சி. கட்டாக்காலி மாடு குறுக்க நிண்ட நாளும் இரிந்திச்சி. நீங்க ஒருநாளும் கிறுகிப் பாக்கல்லயே.”

வெள்ளம் வடிந்த பிறகு சைக்கிளை எடுத்துக் கொடுத்தார்கள். புது வருடக் கலண்டரின் முதல் தாளில் பழைய இலக்குகள் எதையும் நான் எழுதவில்லை. யாராவது இறங்கச் சொன்னால் இறங்குவது என்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன். கதிரவெளிக்கும் அந்த வருடமே போனேன். வழியில் எத்தனை தரம் கால் ஊன்றினேன் என்று கணக்கில்லை. விடியலில் புறப்பட்டவள், அக்கா விளக்கேற்றும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது சைக்கிளை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் என் கால் தானாகவே நின்றுவிடுகிறது. அந்த ஒரு வருடத்தில் அவர் மெய்யாகச் சொன்ன பாதி நாட்கள் எவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.