கம்மி ஓமும் ஒரு 'டா'வும்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனை 'டா' போட்டுவிட்டேன்.

சென்னைக்காரர்கள் சிரிக்கலாம். அண்ணனை டா போடுவதெல்லாம் ஒரு செய்தியா என்று. நாங்கள் குமாரபாளையம். இங்கே நாய்க்குட்டியைத் துரத்தும்போதுகூட 'போங்' என்று மரியாதையாகத்தான் வாயில் வரும். நாலு வயது மூத்த பெரியப்பா மகனை டா போட்டால், அது கொலைக்கு அடுத்த கேஸ்.

ஆனாலும் போட்டேன். பெருமையாகவே சொல்கிறேன் — அதனால்தான் அவருக்கு இன்று பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது.

அண்ணன் பெயர் பிரபு. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். பவர்லூம் மோட்டார் எரிந்துபோனால், கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகக் காயில் கட்டிக் கொடுக்கிற வேலை. சும்மா சொல்லக் கூடாது... அந்தக் கை ஒரு கைதான். பிரபு கட்டின மோட்டார் என்றால் தறிக்காரர்கள் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

சிகரெட்டை விடுகிறேன் என்று ஒரு வேப் பிடித்தார் — நிக்கோடின் திரவத்தைக் காயிலில் சூடாக்கி ஆவியாக இழுக்கிற பேட்டரிச் சாமான். ஒன்றை விட்டாரா, இன்னொன்றைப் பிடித்தாரா என்பது அவருக்கும் அண்ணிக்கும் நடக்கிற வழக்கு. நான் உள்ளே போகவில்லை. நம் நாட்டில் இந்தச் சாமானை விற்கவே தடை. அண்ணனுக்கு வந்தது சுரேஷ் வழியாக. சுரேஷ் அவருடைய ஸ்கூல் தோஸ்த். போர்வெல் ரிக்கோடு ஆப்பிரிக்கா போய் வருகிற ஆள். வரும்போதெல்லாம் பெட்டிக்குள் எதையாவது உருட்டிக்கொண்டு வருவார்.

முதலில் வந்தது ஒரு பாக்ஸ் வேப். சின்ன ஸ்கிரீன், உள்ளே ஒரு சிப், அதற்கென்றே கொடுத்த பேட்டரி. மேலே இருக்கிற காயிலை நாமே கட்டிக்கொள்ளலாம். குதிரைச் சக்திக் கணக்கில் மோட்டார் கட்டுகிறவருக்குக் குண்டூசி சைஸ் காயில் ஒரு வேலையா? கம்பியைச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று நூல் பிடித்த மாதிரி ஒட்டி, நடுவில் பஞ்சைச் செருகி மாட்டினார். ஸ்கிரீனில் 0.12 ஓம் என்று காட்டியது. நாற்பது வாட்ஸ் வைத்து ஒரு மாசம் இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

இந்த 'ஒன்றும் ஆகவில்லை' இருக்கிறதே... ஆபத்து உள்ளே வருகிற வாசலே அதுதான்.

ஞாயிறு மதியம். கடை லீவு, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அண்ணி கொடுத்த சோற்றுக் கேரியரோடு போனேன். அண்ணன் கையில் புதுசாக ஒன்று மின்னியது. பித்தளைக் குழாய். சுரேஷ் இந்த முறை இரண்டு கொண்டு வந்திருக்கிறார் — தனக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. மெக்கானிக்கல் ட்யூப். ஸ்கிரீன் கிடையாது, சிப் கிடையாது. குழாய்க்குள் ஒரு செல், தலையில் காயில், அடியில் பட்டன். அமுக்கினால் செல்லும் காயிலும் நேருக்கு நேர்.

"பாத்தியா... உள்ள ஒண்ணுமே இல்ல. கெட்டுப்போறதுக்கும் ஒண்ணுமில்ல," என்றார். குழந்தை பிறந்த மாதிரி ஒரு முகம்.

"காயில் எதுங்ணா?"

"அதே காயிலுதான். பாக்ஸுல இருந்து கழட்டி மாட்டிப்போட்டேன்."

"செல்லுங்?"

"ஸ்கிராப்புல ஒரு லேப்டாப்பு கெடந்துது. அதுக்குள்ள ஆறு செல்லு. நல்லதா ஒண்ண உருவிக்கிட்டேன்."

கேரியரைக் கீழே வைத்தேன்.

நான் படித்தது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். அந்தப் படிப்பு வீட்டில் இதுவரை ஃபேன் ரெகுலேட்டர் மாற்றத்தான் பயன்பட்டிருக்கிறது. அன்றைக்கு முதல் தடவையாக மண்டைக்குள் மணி அடித்தது.

"ஏனுங்ணா, இதுல அந்தக் காயில் ஆகாதுங். ஓம் ரொம்பக் கம்மிங்."

"கம்மிதானடா? அப்புறம் என்ன பயம்?"

கம்மி! இந்த ஒரு வார்த்தைதான் வில்லன். நம்மூரில் கம்மி என்றால் நல்ல வார்த்தை. காரம் கம்மி, சுகர் கம்மி, ஸ்பீடு கம்மி, பஸ்ஸில் கூட்டம் கம்மி... எது கம்மியோ அது சேஃப். ஓம் மட்டும் தலைகீழ். ஓம் என்பது கரண்டைத் தடுக்கிற தடுப்பு. தடுப்பு கம்மியானால் கரண்ட் பாய்ந்துகொண்டு வரும். ஃபுல் சார்ஜில் செல் 4.2 வோல்ட். அதை 0.12 ஓமால் வகுத்தால் முப்பத்தைந்து ஆம்பியர். லேப்டாப்பில் ஐந்தாறு ஆம்பியருக்குள் சாதுவாகக் காலம் தள்ளிய செல்லிடம் போய் முப்பத்தைந்து கேட்டால்?

"ஒரு மாசமா இதே காயிலு. அப்ப ஆகாதது இப்பத்தான் ஆகுமாக்கும்?" என்று சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கினார். ஒன்று... இரண்டு...

"சூடு ஏறுது பாரு. கையிலயே தெரியுது. பவருன்னா இது."

சூடு ஏறியது காயில் இருக்கிற தலைப்பக்கம் அல்ல. செல் இருக்கிற நடுக்குழாய். மூடின பித்தளைக் குழாய்க்குள் செல் வெடித்தால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். அதைத்தான் வாய்க்குக் கொண்டுபோனார். மோட்டார் கட்டுகிற வலது கையில் பிடித்துக்கொண்டு.

நான் சொல்ல நினைத்தது: 'ஏனுங்ணா, சித்த பட்டன்ல இருந்து கைய எடுத்துப்போடுங்ணா.' அவ்வளவு நீள மரியாதைக்கு அங்கே நேரம் இல்லை. வாயில் வந்தது இதுதான்.

"கைய எடுடா."

எடுத்துவிட்டார். பயத்தில் அல்ல, அதிர்ச்சியில்.

"என்றா சொன்ன?"

"செல்லக் கழட்டுங்ணா மொதல்ல."

"செல்லு கெடக்குது. டான்னியா, இல்லியா?"

"அது வாய் தவறி வந்துருச்சுங். கழட்டுங்ணா."

"சித்தப்பன்கிட்டச் சொல்றேன் இரு. படிச்சா அண்ணன் தம்பின்னு இல்லாமப் போயிருமா?"

கையில் குண்டு, வாயில் குடும்ப கௌரவம். நான் வார்னிஷ் டப்பா மூடியில் சாக்பீஸால் 4.2, 0.12 என்று எழுதி வகுத்துக் காட்டினேன். ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். ஃபார்முலா ஃபெயில்.

அப்போதுதான் சுவரில் இருந்த குண்டு பல்பு கண்ணில் பட்டது. எல்லா ரீவைண்டிங் கடையிலும் இருக்கும், சீரிஸ் பல்பு. புதிதாகக் கட்டின மோட்டாருக்கு முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகும்.

"ணா, இப்பக் கட்டி முடிச்ச மோட்டார நேரா லைன்ல குடுப்பீங்ளா?"

"குடுக்கறதுக்கு நானென்ன கிறுக்கனா? பல்பு போட்டுத்தான்."

"அது எதுக்குங்?"

"உள்ள சார்ட் சர்க்யூட்டு இருந்தா பல்பு எரியும், அதோட நின்னுக்கும். பல்பு இல்லீன்னா மோட்டாருல புகைதான்." எல்கேஜி பாடம் கேட்கிறானே என்கிற சலிப்பு குரலில்.

"உங்க பாக்ஸுக்குள்ள அந்த பல்பு இருக்குதுங்ணா. சிப்புன்னு பேரு. ஓம் எவ்வளவுன்னு பாத்து, நீங்க கேட்ட வாட்ஸுக்கு வேணுங்கற கரண்டத்தான் செல்லுகிட்ட வாங்கும். மீறுனா கட் பண்ணிப்போடும். அதனாலதான் ஒரு மாசம் ஒண்ணும் ஆகலீங். இந்தக் குழாயில பல்பே இல்ல. நேரா லைனு."

அண்ணன் பல்பைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அடி மூடியைத் திருகி, கழிவுப் பஞ்சால் பிடித்துச் செல்லை வெளியே எடுத்தார். பஞ்சு வழியாகவே சூடு தெரிந்திருக்க வேண்டும், கை மாற்றிப் பிடித்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். செல்லின் மேல் விளிம்பில், சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் தோல் நகம் அளவுக்குக் கிழிந்து, உள்ளே தகரம் தெரிந்தது — கரண்ட் வழி மாறிப் பாய அது போதும்.

"ஸ்லீவு கிழிஞ்சிருக்குது," என்றார் மெல்ல.

கம்பி ஜாயிண்டில் மாட்டுகிற ஸ்லீவில் ஊசி முனை அளவு கிழிசல் இருந்தாலும் மொத்தக் காயிலையும் பிரித்துப் போடுகிற மனிதர். அவர் தன் வாய்க்குப் பக்கத்தில் வைத்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

"டான்னது சரி," என்றார். "இன்னொருக்காச் சொல்லிப்போடாத."

செல்லை வாசலில் மணல் வாளிக்குள் வைத்துவிட்டு வந்தார். தப்பை மறைக்க ஒரு வார்த்தை வாதாடவில்லை. என் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த நிமிஷம் ரொம்பவே பிடித்தது.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு எதையும் கையாலேயே கட்டிப் பழக்கம். லாரி பாடி, ரிக், தறி... எது கொடுத்தாலும் பிரித்து மாட்டிவிடுவோம். அந்தத் திமிர் எனக்கும் உண்டு; விடமாட்டேன். ஆனால் 'உள்ளே ஒண்ணுமே இல்லை' என்று ஒரு சாமானைப் பார்த்துப் பூரிக்கும்போது, இல்லாமல் போனது எது என்று ஒரு தடவை கேட்க வேண்டாமா? பாக்ஸில் ஓமை அளக்க, செல்லின் எல்லையைப் பார்க்க, போதும் என்று நிறுத்த ஒரு சிப் இருக்கிறது. ட்யூபில் அந்த சிப் நீங்கள்தான். கணக்கு தெரியாமல் கையில் எடுத்தால், சிப் இல்லாத மிஷின் நீங்கள்.

சோறு ஆறிப்போயிருந்தது. அண்ணன் கேரியரைத் திறக்கவில்லை. சுரேஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"உன்ற ட்யூப்ப எங்க வெச்சிருக்கற?"

"சட்டப் பையிலதான். ஏன் மாப்ள?"

"காயிலு என்ன ஓமு?"

"அதையெல்லாம் எவன் பாத்தான்? கம்மியாத்தான் இருக்கும்." சிரிப்புச் சத்தம்.

நான் சாக்பீஸை எடுத்தேன். அண்ணன் கையமர்த்தினார்.

"டேய், ஓமுங்கறது பிரேக்குடா. ரிக்கு வண்டியில பிரேக்கு கம்மியா இருக்குது, பயமில்லைன்னு கொல்லிமலை எறக்கத்துல உடுவியா?"

சிரிப்பு நின்றது. நான் ஒரு மூடி நிறைய எழுதியும் புரியவைக்க முடியாததை மனுஷன் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

போனில் கிர்... கிர்... என்று அவருடைய ட்யூபின் பித்தளை மரை கழலுகிற சத்தம்.

எங்கள் குடும்பத்துக்கு அன்று கிடைத்த கைதட்டல் அது!