எர்த் கொடுத்தேன், ஃபியூஸ் போனது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மூன்று முறை ஃபியூஸ் போனது. மூன்று முறையும் போக வைத்தவன் நான்தான்.

அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவர். நாள் முழுக்க ஐஸில் அளைந்த கைகள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரில் ஹீட்டர் ராடைப் போட்டு, சூடானதும் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். அவருக்கென்று இருக்கிற ஒரே சொகுசு அது. அந்தக் கால் மணி நேரம் யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது.

அந்த ராடு வண்ணாரப்பேட்டை பிளாட்பாரத்தில் வாங்கியது. பிளக் உடைந்து மாதக்கணக்காகிறது. அதனாலென்ன? வயரின் இரண்டு நுனிகளையும் சுவிட்ச் போர்டு ஓட்டைகளில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார்.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ. மீட்டர் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள், எங்கள் குடும்பத்தில். என் வீட்டிலேயே தீக்குச்சியா? மானம் போகிறதே... புது வயர், புது மூன்று பின் பிளக், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட முறையாக எர்த் — எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டேன்.

டப்!

ஃபேன் நின்றது. பக்கத்துப் போர்ஷனுக்கும் எங்களுக்கும் ஒரே ஃபியூஸ் என்பதால், ஆட்டோ ஓட்டும் ஏழுமலை மாமாவின் டிவியும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை படம் வேறு.

"இன்னாக்கா, இஞ்சினீரு கைய வச்சிட்டாரா?" — சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமா.

"நல்லா கீறத நோண்டி பேஜாரு பண்ணிகினு கீறான் ஏழுமல!" என்றார் அம்மா. என்னிடம் திரும்பி, "அந்தத் தீக்குச்சியே மேலு நைனா. எடுத்துக் குடு. கை வெறைக்குது" என்றார்.

கொடுத்திருப்பேன். ரோஷம் விடவில்லை. ஃபியூஸ் கட்டி மறுபடி போட்டேன். டப்! திரும்பவும் ஃபியூஸ் கட்டி, ராடைக் கழற்றிவிட்டு வயரை மட்டும் போட்டேன் — ஃபியூஸ் போகவில்லை. ராடைச் சேர்த்தேன் — டப்!

"டேய், கிளைமாக்ஸ்டா!" என்று அலறினார் மாமா.

ஆக, கோளாறு ராடில். ஒரு பல்பை இணைத்துச் சோதித்தேன். எரியவே கூடாத இடத்தில், ராடின் வெளிக்குழாயைத் தொட்டதும் எரிந்தது. உள்ளே ஓடவேண்டிய கரண்ட் வெளியே உலாவுகிறது! குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கத்திக் கீறல்கள். ஓரிடத்தில் கடுகளவு ஓட்டை.

"யம்மா, இத எதால தேச்சே?"

"மீன் கத்தியாலதான். பம்புத் தண்ணிக்கு வெள்ளையா பொருக்கு புட்சிகினு இருந்திச்சு. கொடுவாக்கு செதிலு எடுக்கிறா மாரி சர்ரு சர்ருனு எடுத்தேன். எப்படி பளபளக்குது பாரு!"

"எப்போ?"

"பொங்கலுக்கு வூடு கழுவினப்போ."

இரண்டு மாதம். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று, சுவிட்சை அணைக்காமலே விரல் விட்டுப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். கேட்கவே பயமாக இருந்தது.

"விரல் வெச்சா சுர்ருனு இருந்திச்சாம்மா?"

"இருக்கும். நாளெல்லாம் ஐஸ்ல கெடக்கிற கையி. சுடுதண்ணில வெச்சா மரத்த கைக்கு உசுரு வருதுன்னு நெனச்சுகினு இருந்தேன்."

பிளாஸ்டிக் பக்கெட், உட்கார மரப்பலகை, காலில் ரப்பர் செருப்பு... இவை மூன்றும்தான் என் அம்மாவை எனக்கு விட்டுவைத்திருக்கின்றன. எர்த் இல்லாதவரை கரண்ட் போக வழியின்றி அந்தத் தண்ணீரிலேயே காத்திருந்திருக்கிறது. நான் வழி திறந்துவிட்டதும் ஃபியூஸ் கத்திவிட்டது. கெடுத்துவிட்டேன் என்று எல்லோரும் திட்டிய அந்த 'டப்'தான் உண்மையைச் சொன்னது.

ஒரு பொருள் கெட்டால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறோம். அதைத் தினமும் தொடுகிற கையைக் கேட்கிறோமா? நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் அதே வீட்டில், அந்தக் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்!

ஓட்டை விழுந்த ராடை ஒட்டுப் போடக் கூடாது. வயரை வெட்டி, ராடைத் தூக்கிப் போட்டேன். புது ராடு வாங்கி எர்த்தோடு மாட்டினேன். சுவிட்சுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு வைத்தேன். "செவப்பு எரிஞ்சா தண்ணியத் தொடாத. பொருக்கு புடிச்சா புளித்தண்ணியில ஊறப் போடு. கத்தி மீனுக்கு மட்டும்" என்றேன். கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியமும் வாங்கினேன்.

முதல் நாள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சிவப்பு அணைந்ததை இரண்டு முறை பார்த்துவிட்டு அம்மா கைகளை உள்ளே விட்டார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, சூடு போதுமா?"

"சூடெல்லாம் நல்லாதான் கீது..." கொஞ்சம் யோசித்தார். "ஆனா பழசு மாரி சுர்ருனு இல்லியே நைனா. டூப்ளிகேட் வாங்கினு வந்துட்டியா?"